புகைக்குக் காத்திருக்கும் விதை



பூவின் வாழ்வைப் பருவம் பருவமாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி தமிழ். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்னும் சொற்கள் ஒரே பூவைச் சுட்டினும் ஒரே நிலையைச் சுட்டுவன அல்ல. உதிரும் பூவுக்கு வீ என்று பெயர். வாடிய பூவுக்குச் செம்மல் என்று பெயர். வாடுதலும் உதிர்தலும் ஒன்றல்ல என்று கண்டு தனித்தனிச் சொல் அமைத்த மொழியினர்க்கு, வட அமெரிக்காவின் மேலைக் கரையில், கலிபோர்னியாவின் வறண்ட மலைச் சரிவுகளில் வளரும் ஒரு சிறு செடியை அறிமுகம் செய்தல் எளிது. அதன் பூ செம்மல் ஆகும், வீ ஆவதில்லை. வாடி, உலர்ந்து, மெல்லிய தாள்போல் ஆகிய பின்னரும் அது காம்பை விட்டு நீங்குவதில்லை.

அச்செடிக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் எம்மெனாந்தி பெண்டுலிஃப்ளோரா. ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் ஜார்ஜ் பெந்தம் 1835-ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டினார். முதற்பகுதி கிரேக்கச் சொற்களால் ஆயது. நிலைத்து நிற்கும் பூ என்பது அதன் பொருள். இரண்டாம் பகுதி இலத்தீன். தொங்கும் பூக்களை உடையது என்பது அதன் பொருள். அந்நாட்டு மக்கள் வழங்கும் பெயரோ இன்னும் இனியது. காதோடு மெல்லப் பேசும் மணிகள் என்று அதனை அழைக்கின்றனர். உலர்ந்த பூக்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசும்போது எழும் சரசரப்பே அப்பெயருக்குக் காரணம். இவ்வுரையில் அதனை மெல்லொலி மணி என்று வழங்குவது பொருந்தும்.

மெல்லொலி மணி ஓராண்டுச் செடி. குளிர்கால மழையில் முளைத்து, இளவேனிலில் பூத்து, கோடையின் கடுமை முற்றுமுன் விதை ஈன்று மடிவது. சாண் உயரத்தில் நின்றுவிடுவனவும் உண்டு. முக்கால் மீட்டருக்கு மேல் உயர்வனவும் உண்டு. இலைகள் ஓரம் பிளவுபட்டவை. தண்டிலும் இலையிலும் உள்ள நுண்மயிர்கள் தொட்டால் கையில் ஒட்டும் பசையும் ஒருவகை மணமும் உடையவை. நூல்போன்ற காம்புகளில் வெளிர்மஞ்சள் அல்லது பாலேடு நிறத்து மணிகள் கவிழ்ந்து தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அளவினதே. பேரழகு என்று எவரும் கொண்டாடத்தக்க பூ அன்று. எனினும் அறிவியல் உலகம் இச்சிறு பூவின்பால் பல்லாண்டுகளாகக் கவனம் செலுத்திவருகிறது. பூவின் பொருட்டன்று; அதன் விதையின் பொருட்டு.

விதையின் கதையை அறிய, முதலில் நிலத்தை அறிதல் வேண்டும். முதற்பொருளைச் சொல்லாமல் கருப்பொருளைச் சொல்லுதல் தமிழ் மரபன்று. கலிபோர்னியாவின் குன்றுகளைப் போர்த்தியிருப்பது சப்பரல் எனப்படும் புதர்க்காடு. குட்டையான ஒருவகை ஓக்கு மரத்தைக் குறிக்கும் சப்பாரோ என்னும் இசுப்பானியச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். சமீசு, மன்சனீட்டா, சீயனோதசு, புதர் ஓக்கு முதலியன அங்கு ஆளுயரத்துக்கும் அதற்கு மேலும் நெருங்கி வளர்கின்றன. இலைகள் சிறியவை, தடித்தவை, ஆண்டு முழுவதும் உதிராதவை. மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையோ ஆறு திங்களுக்குக் குறையாத வறட்சி. இத்தகைய தட்பவெப்பம் உலகில் ஐந்து இடங்களில்தான் அமைந்துள்ளது. நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகள், கலிபோர்னியா, சிலி நாட்டின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனை, ஆசுதிரேலியாவின் தென்மேற்கும் தெற்கும் என்பன அவை.

கோடை முழுவதும் காய்ந்த இப்புதர்க்காட்டின்மீது, இலையுதிர் காலத்தில் உட்பகுதிப் பாலையிலிருந்து கடலை நோக்கி வெங்காற்று வீசுகிறது. சாந்தா அனா காற்று என்பது அதன் பெயர். அக்காற்று வீசும் நாளில் ஒரு பொறி போதும். மலை முழுவதும் எரியும். மனிதர் பெருகுவதற்கு முன்னர் இத்தகைய பெருந்தீ ஓரிடத்தில் முப்பது ஆண்டுகளுக்கோ, நூறு ஆண்டுகளுக்கோ, அதனினும் நீண்ட இடைவெளியிலோ ஒருமுறை வந்து சென்றது. மலை எரிந்து கரியானபின் சில புதர்கள் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். சில அடியோடு மாண்டு, மண்ணிற் கிடக்கும் விதையிலிருந்து மீண்டும் பிறக்கும்.

தீ தணிந்து, குளிர்கால மழை பெய்து, முதல் இளவேனில் வரும்போது அச்சரிவுகளில் காணும் காட்சி வியப்புக்குரியது. கரிந்த கட்டைகளுக்கிடையே, சாம்பற் படிந்த மண்ணில், அதற்கு முந்திய ஆண்டு வரை ஒன்றுகூடக் காணப்படாத செடிகள் ஆயிரக்கணக்கில் எழுந்து நிற்கும். அவற்றுள் ஒன்று மெல்லொலி மணி. இரண்டாம் ஆண்டில் அதன் தொகை குறையும். புதர்கள் மீண்டும் எழுந்து நிலத்தை மூடுவதற்குள் அது கண்ணுக்கு மறைந்துவிடும். பின்னர் அடுத்த தீ வரும் வரை, ஒரு மனிதனின் வாழ்நாளே கடந்துபோகக்கூடிய அவ்வளவு காலம், விதை மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். பாலைப் பகுதிகளில் புதர்கள் நெருங்காத திறந்த வெளிகளில் தீயின்றியும் இச்செடி வளர்வதுண்டு. ஆயினும் புதர்க்காட்டில் அதன் பிறப்பு தீயை ஒட்டியதே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மண்ணுக்குள் இருளிற் கிடக்கும் ஊசிமுனை அளவான விதை, மேலே காடு எரிந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிகிறது? இக்கேள்விக்கு விடை காண அறிஞர்க்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அவர்கள் கடந்துவந்த வழியும் விடையைப்போலவே அறியத்தக்கது.

எளிதில் தோன்றும் விடை வெப்பம் என்பது. புதர்க்காட்டில் தீக்குப்பின் முளைக்கும் பல விதைகளுக்கு அவ்விடை பொருந்தும். சீயனோதசின் விதையுறை கடினமானது, நீர் புகாதது, தீயின் வெம்மை அதில் விரிசல் உண்டாக்கியபின்னரே நீர் புகும், முளை எழும். மெல்லொலி மணியின் விதையோ வெம்மைக்கு இசையவில்லை. 1968-இல் முல்லர் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் வேறொரு விளக்கம் தந்தனர். புதர்களின் இலைகளிலிருந்து வடியும் நச்சுப் பொருள்கள் மண்ணிற் சேர்ந்து சிறுசெடிகளின் விதைகளை அடக்கி வைக்கின்றன. தீ அந்நஞ்சை எரித்துவிடுவதால் விதைகள் விடுதலை பெறுகின்றன என்பது அவ்விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமானதே. ஆனால் விதை அடக்குமுறையால் உறங்கவில்லை, ஓர் அழைப்புக்காகவே உறங்குகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

1977-இல் விக்லோ என்னும் ஆய்வாளர், சமீசுப் புதரின் கரிந்த கட்டையைப் பொடித்து மெல்லொலி மணியின் விதைகளோடு சேர்த்தார். விதைகள் முளைத்தன. நஞ்சு நீங்கியதனால் அன்று, கரியில் உள்ள ஏதோ ஒன்று தூண்டியதனால் அவை முளைத்தன. 1984-இல் கீலி என்பாரும் அவர்தம் துணை ஆய்வாளரும் அம்முடிவை மேலும் ஆய்ந்து உறுதி செய்தனர். 1990-இல் தென்னாப்பிரிக்காவில் டி லாங்கே, பூஷே என்னும் இருவர், அந்நாட்டுப் புதர்நிலத்தின் அரியதொரு செடியின் விதைகள் வெறும் புகை பட்ட அளவிலேயே முளைப்பதைக் கண்டு அறிவித்தனர். கடலுக்கு அப்பால் கிடைத்த அக்குறிப்பு கலிபோர்னியாவின் புதிருக்கும் திறவுகோலாயிற்று.

1997-இல் கீலியும் ஃபாதரிங்ஹாமும் சயன்ஸ் இதழில் தம் ஆய்வை வெளியிட்டனர். மெல்லொலி மணியின் விதைகளைப் புகையில் வைத்தபோது ஏறத்தாழ எல்லா விதைகளுமே முளைத்தன. புகை நேரே படவேண்டும் என்பதும் இல்லை. புகை படிந்த பொருளிலிருந்து எழும் ஆவியும், புகை கரைந்த நீரும் அதே பயனைத் தந்தன. புகையில் உள்ள நைட்ரசன் டையாக்சைடு என்னும் வளியைத் தனியே செலுத்தியபோதும் விதைகள் அவ்வாறே முளைத்தன. அவ்விதையின் உறை நீரைத் தடுப்பதன்று. நீர் தாராளமாக உட்புகும். உறைக்குள் அமைந்த ஒரு மென்படலம் நீரிற் கரைந்த பொருள்களை மட்டும் கடக்கவிடாமல் காக்கிறது. புகை அப்படலத்தின் இயல்பை மாற்றுகிறது. மழை ஒவ்வோர் ஆண்டும் விதையை நனைத்துச் சென்றும் அது முளைக்காமைக்கும், புகை ஒருமுறை தீண்டியதும் முளைத்தமைக்கும் காரணம் அதுவே.

பின்னர் 2004-இல் ஆசுதிரேலிய ஆய்வாளர்கள் புகையிலிருந்து வேறொரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். மிகச் சிறிய அளவிலேயே பலவகை விதைகளை முளைக்கச் செய்வது அது. அவ்வகைச் சேர்மங்களுக்குக் கரிக்கின் என்று பெயரிட்டனர். தென்மேற்கு ஆசுதிரேலியாவின் நூங்கர் பழங்குடியினர் மொழியில் கரிக் என்பது புகையைக் குறிக்கும் சொல். புகை ஒரே பொருள் அன்று. பல பொருள்களின் கலவை. அதில் வெவ்வேறு விதைகள் வெவ்வேறு எழுத்துகளைப் படித்துக்கொள்கின்றன என்பது இதனாற் பெறப்படும்.

புகை அவ்விதைக்குச் சொல்லும் செய்தி யாது? மேலே நிழல் இல்லை. ஒளி தரையைத் தொடுகிறது. நீருக்குப் போட்டியிடும் வேர்கள் அடங்கிவிட்டன. புதருக்குள் ஒளிந்திருந்து இளந்தளிரைக் கொறிக்கும் எலியும் முயலும் குறைந்துவிட்டன. சாம்பல் மண்ணுக்கு உரமாகியிருக்கிறது என்பதே அச்செய்தி. விதைக்குத் தேவையானது தீ அன்று. தீ விட்டுச்செல்லும் வெளியே அதற்குத் தேவை. அவ்வெளி உண்டாயிற்று என்பதற்குப் புகை சான்று. புதர்கள் மூடியிருக்கும் காலத்தில் மழையை நம்பி முளைத்த விதை நிழலில் மடியும். ஆகவே அதன் காத்திருப்பைச் சோம்பல் என்றோ தவம் என்றோ சொல்லுதல் பொருந்தாது. காலம் அறிதல் என்பதே பொருந்தும்.

இங்கே மனிதன் வருகிறான். ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே அந்நிலத்தில் சூமாசு முதலிய பழங்குடியினர் வாழ்ந்தனர். சியா முதலிய சிறுசெடிகளின் விதைகளைத் திரட்டி உணவாக்கிய அவர்கள், அவை செழிக்கும்பொருட்டு நிலத்திற்குத் தீ வைப்பதும் உண்டு. 1542-இல் கடல்வழி வந்த கப்ரியோ என்னும் மாலுமி, இன்றைய லாசு ஏஞ்சலிசை அடுத்த விரிகுடாவில் எங்கும் புகை எழக் கண்டு அதற்குப் புகைகளின் விரிகுடா என்று பெயரிட்டார். 1793-இல் அப்பகுதியை ஆண்ட இசுப்பானிய ஆளுநர் அர்ரியாகா, பழங்குடியினர் நிலம் எரிக்கும் வழக்கத்தைத் தடை செய்து ஆணையிட்டார். 1935-இல் அமெரிக்க வனத்துறை, எங்குத் தீ கண்டாலும் மறுநாட் காலை பத்து மணிக்குள் அதனை அடக்குதல் வேண்டும் என்று விதி வகுத்தது.

இத்தனை தடைகளுக்குப் பின்னர் தீ குறைந்திருக்கும் என்றே எவரும் கருதுவர். தென் கலிபோர்னியாவின் புதர்க்காட்டில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது. வீடுகளும் சாலைகளும் மின்கம்பிகளும் மலைச் சரிவுகளுக்குள் நுழைய நுழையப் பொறி விழும் இடங்களும் பெருகின. சாந்தா அனா காற்று வீசும் காலம் மின்னல் அரிதான காலம். அப்போது எழும் பெருந்தீக்குக் காரணம் ஏறத்தாழ எப்போதும் மனிதனின் செயலோ மனிதனின் கருவியோ ஆகும். 2003 அக்டோபரில் சான் தியேகோ மாவட்டத்தில் எழுந்த சீடர் தீ 2,73,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 15 உயிர்களைக் கொண்டது. 2003-இன் தீக்களில் எரிந்த நிலத்தின் ஒரு பகுதி 2007-இல் எழுந்த தீக்களில் மீண்டும் எரிந்தது. இடைவெளி நான்கே ஆண்டு. 2025 சனவரியில் லாசு ஏஞ்சலிசை அடுத்த மலையடிவாரங்களில் ஒரே நாளில் எழுந்த இரு பெருந்தீக்களில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வீடிழந்தோர் துயரத்தின்முன் ஒரு பூவைப் பற்றிப் பேசுதல் தகுமா என்று கேட்கலாம். அவ்வீட்டையும் இப்பூவையும் அழிப்பது ஒரே கேடு என்பதால் தகும்.

தீயில் பிறக்கும் செடிக்குத் தீ மிகுந்தால் நன்மைதானே என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் பிழையானது. தீயிலிருந்து மீண்டும் விதையால் எழவேண்டிய புதர்கள் வளர்ந்து, பூத்து, மண்ணில் போதிய விதையைச் சேர்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளேனும் வேண்டும். அதற்குமுன் மறுபடியும் எரிந்தால் சேமிப்பின்றிச் செலவு செய்த குடும்பத்தின் நிலையே அவற்றின் நிலை. புதர்கள் அற்ற இடத்தில் நடுநிலக் கடல் நாடுகளிலிருந்து வந்த புற்கள், காட்டு ஓட்சு, புரோம் வகைகள் முதலியன குடியேறுகின்றன. அவை முதல் மழைக்கே முளைத்து, நிலத்தை நெருக்கி மூடி, கோடை தொடங்கும்போதே காய்ந்துவிடும். காய்ந்த புல்லில் தீ எளிதிற் பற்றும். தீக்குப்பின் புதரைவிடப் புல்லே விரைந்து மீளும். புல் தீயை அழைக்கிறது. தீ புல்லை வளர்க்கிறது. அச்சுழற்சியில் மலை புதர்க்காடாக மீள்வதில்லை, புல்வெளியாகவே நின்றுவிடுகிறது.

அப்புல்வெளியில் மெல்லொலி மணிக்கு இடம் இல்லை. புகை வந்திருக்கிறது, விதை அதை நம்பி முளைக்கிறது, ஆனால் புகை சொன்ன வெளி அங்கே இல்லை. முன்னரே முளைத்த புல் ஒளியையும் நீரையும் கவர்ந்துகொண்டது. புகையின் சொல் பொய்யாகிவிடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக அவ்விதை நம்பிவந்த ஒரே சான்று, சில பத்தாண்டுகளுக்குள் நம்பத்தகாததாகிவிட்டது. முளைத்து மடிந்த விதை மீண்டும் மண்ணுக்குத் திரும்புவதும் இல்லை.

இக்கேடு அறியாமையால் மட்டும் நிகழ்ந்ததன்று, நல்லெண்ணத்தாலும் நிகழ்ந்தது. தீக்குப்பின் வெற்று மலை மழையில் கரைந்து ஊர்களின்மேல் சேறாய் இறங்கும் என்று அஞ்சிய அலுவலர்கள், இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் எரிந்த சரிவுகளின்மேல் இத்தாலிய ரை என்னும் அயற்புல்லின் விதைகளை விமானத்திலிருந்து தூவினர். அச்சம் பொய்யன்று, சேறு இறங்குவதும் உண்மை. ஆனால் மண் பெரிதும் கரைவது முதற்குளிர்காலத்துப் பெருமழைகளில். அப்போது தூவிய புல் வேரூன்றியிருப்பதில்லை. வேரூன்றி அடர்ந்தபோதோ அது காத்தது மண்ணையன்று. அது நெருக்கியது மெல்லொலி மணியைப் போன்ற செடிகளையும் புதர்களின் இளங்கன்றுகளையும். ஆய்வுகள் இதனை எடுத்துக்காட்டியபின் அவ்வழக்கம் பெரிதும் கைவிடப்பட்டது. வெறுமையாகத் தோன்றிய மண் உண்மையில் வெறுமையானதன்று என்பதை உணரவே அத்தனை ஆண்டுகள் ஆயின.

எரிந்த மலையைக் காண்பவர்க்குக் கண்ணிற் படுவது கரியும் சாம்பலும். அதனை உடனே பசுமையாக்கவேண்டும் என்னும் துடிப்பு மனிதர்க்கு இயல்பு. அம்மலைக்கு வேண்டியனவோ வேறு. அயல் விதை தூவாமை ஒன்று. வெந்த மண்ணை வண்டிச் சக்கரங்களும் காலடிகளும் உழக்காமை ஒன்று. அனைத்தினும் மேலாக, அடுத்த தீ அங்கு விரைந்து வராமற் காத்தல் ஒன்று. வெங்காற்று வீசும் நாள்களில் மின்கம்பிகளில் மின்னோட்டத்தை நிறுத்துதல், சாலையோரத்துக் காய்ந்த புல்லை அகற்றுதல், மலைச் சரிவுக்குள் புதிய குடியிருப்புகளை நுழையவிடாமை என்பன பூவைக் காக்கும் செயல்களாகத் தோன்றுவதில்லை. ஆயினும் இப்பூவுக்குச் செய்யத்தக்க உதவி அவைகளே. தோட்டத்தில் நட்டு நீரூற்றி வளர்ப்பதன்று.

நீண்டகாலம் தீயைக் காணாத சரிவுகள் கலிபோர்னியாவில் இன்னும் உள்ளன. சமீசுப் புதர்களின் அடியில், உதிர்ந்த சிற்றிலைகளுக்குக் கீழே, மெல்லொலி மணியின் விதைகள் அங்கே கிடக்கின்றன. அவற்றை ஈன்ற செடிகளைக் கண்டவர்களுள் பலர் இன்று உயிரோடு இல்லாமற் போயிருக்கலாம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மழை அவ்விதைகளை நனைத்துச் செல்கிறது, அவை அசைவதில்லை. என்றேனும் ஒருநாள் அங்கும் தீ வரும். அது வரும்போது புல் முந்திக்கொள்ளாத மண் அங்கே இருக்குமாயின், அடுத்த இளவேனிலில் வெளிர்மஞ்சள் மணிகள் தொங்கும். கோடையில் அவை உலர்ந்து, உதிராமல், காற்றில் மெல்ல ஒலிக்கும். அம்மண் இருப்பதும் இல்லாததும் அவ்விதையின் கையில் இல்லை.